கால்மிதியில் ஈரம்

நீப்லும், ஃபோர் தீவு
10 செப்டம்பர் 1916

அன்புள்ள மொய்கென் அக்காவுக்கு,

இங்கென் எழுதுவது. கடவுள் கிருபையில் நானும் வயிற்றில் இருப்பதும் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போன வருஷம் நான் அனுப்பிய தைலம் தீர்ந்திருந்தால் சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு, அதுதான் உங்கள் தம்பிக்கு, உங்கள் ஊருக்கே மாற்றலாகிவிட்டது. மூன்றுவிட்ட தம்பி என்றாலும் தம்பிதானே. கப்பலில் இருந்தவரை என்றாவது ஒருநாள் கரைக்கு வருவார் என்ற நிம்மதி இருந்தது. இப்போது கடல் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். காலையில் போய்க் கடல்மேல் சுற்றி, எதிரிக் கப்பலின் புகை தெரிகிறதா, கண்ணிவெடி மிதக்கிறதா என்று பார்த்துவிட்டு உச்சிவேளைக்குத் திரும்பிவிடுவார்களாம். ஏதோ சந்தைக்குப் போய்வருவதுபோலச் சொல்கிறார்.

கண்ணில் படும்போது ஒரு வாய் சாப்பாடு கொடுங்கள். சாப்பாட்டில் தொல்லை கொடுக்கமாட்டார். ஆனால் வீட்டுக்குள் விட்டால் தரை உங்கள் பொறுப்பு. எத்தனை முறை கத்தியிருக்கிறேன்! வாசலில் கால் துடைக்கும் பழக்கம் அந்த மனுஷனுக்குச் செத்தாலும் வராது.

ஒரு மப்ளர் பின்னிக்கொண்டிருக்கிறேன். நீலத்தில் வெள்ளை நங்கூரம். ஒரு நங்கூரம் தலைகீழாக விழுந்துவிட்டது. பிரிக்கப் பொறுமையில்லை. முடிந்ததும் உங்கள் முகவரிக்கே அனுப்புகிறேன்.

பிப்ரவரியில் பிரசவம். எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் இங்கென்


லிஸ்ட், ஸில்ட் தீவு
1 அக்டோபர் 1916

அன்புள்ள இங்கென்,

உன் கடிதம் வந்தது. சுகம் என்று படித்ததே பாதி வைத்தியம். முழங்கால் இருக்கிறது, அதில் வலியும் இருக்கிறது. இரண்டும் நல்ல சிநேகம்.

ஹார்க் வந்து சேர்ந்துவிட்டான். நான் இப்போது கடல் விமானத் தளத்தின் தையல் கொட்டகையில் வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியுமா? இறக்கைக்குச் சணல் துணி போர்த்தி, தைத்து, மேலே வார்னிஷ் அடிக்கிறோம். அந்த வாடை தலையைச் சுற்ற வைக்கிறது. பாவாடைக்குப் போடும் தையலை நம்பி இரண்டு ஆண்பிள்ளைகள் வானத்தில் போகிறார்கள் என்பதை நினைத்தால் ஊசி தானாகவே நெருக்கமாக இறங்குகிறது.

வண்டியைப் பார்த்தால் சிரிப்பாய். காலில் இரண்டு தோணியைக் கட்டிக்கொண்ட தட்டான். அலையைக் கிழித்துக்கொண்டு ஓடி, இனி எழும்பாது என்று நாம் முடிவுகட்டும்போது எழும்பும். வேவு பார்க்கும் ஹார்க் முன்னால், ஓட்டுகிறவன் பின்னால். நடுவில் ஒரு கூடையில் புறாக்கள். நடுக்கடலில் இறங்கிவிட்டால் புறா காலில் சீட்டு கட்டி விடவேண்டும்.

ஓட்டுகிறவன் பெயர் ஆல்வின். இருபது வயது, உள்நாட்டுப் பையன், போருக்கு வரும்வரை கடலையே பார்த்ததில்லை. முன்பல் ஒன்று கிடையாது. வாய் மட்டும் முழுசாக இருக்கிறது. நேற்று இருவரும் என் வீட்டில் சாப்பிட்டார்கள். கடலில் செத்துப்போனவர்கள் நம் தீவுகளில் திரும்பி வந்து சாவைச் சொல்லிவிட்டுப் போவார்கள் என்று ஹார்க் அவனைப் பயமுறுத்திக்கொண்டிருந்தான்.

"பெத்தவகிட்ட வரமாட்டாங்க, கட்டினவகிட்ட வரமாட்டாங்க. அவங்க தாங்கமாட்டாங்கல்ல? அதனால தூரத்துச் சொந்தமா பாத்து வருவாங்க. மூணுவிட்டது, நாலுவிட்டது. சொட்டச் சொட்ட வந்து நிப்பாங்க. தரையில உப்புத்தண்ணி கிடக்கும். சேதி புரிஞ்சு, கோயில்ல அவங்களுக்குச் சாவு மணியடிக்கிற வரைக்கும் விடமாட்டாங்க" என்றான்.

அந்தப் பையன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "அப்ப என் கதி? எனக்கு ஒண்ணுவிட்டதும் கிடையாது, மூணுவிட்டதும் கிடையாது. அநாதை விடுதியில வளந்தவன். நான் போய் யார் முன்னால நிக்கிறது? விடுதி மேலாளர்கிட்டயா?"

"அந்த ஆளு உன்னை ஈரத்தோட உள்ள விடமாட்டான். நீ இங்க வந்துடு" என்றேன்.

"நெஜமாவா அக்கா? என்ன முறையில வர்றது?"

"மூணுவிட்ட தம்பி. போதுமா? ஆனா கால நல்லாத் துடைச்சிட்டுத்தான் உள்ள வரணும். உன் கூட்டாளி மாதிரி சேத்தோட வந்தே, செத்தவன்னுகூடப் பாக்கமாட்டேன், விளக்குமாறுதான்."

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இந்த வருஷம் நான் அப்படிச் சிரித்ததில்லை.

மப்ளரைச் சீக்கிரம் அனுப்பு. மேலே குளிர் எலும்பைத் தின்கிறதாம்.

மொய்கென்


நீப்லும்
20 அக்டோபர் 1916

அன்புள்ள மொய்கென் அக்காவுக்கு,

நாங்கள் சுகம். குழந்தை உதைக்கிறது. உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

இதோடு மப்ளரை அனுப்பியிருக்கிறேன். தலைகீழ் நங்கூரத்தைக் கண்டுபிடித்துச் சிரிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

அக்கா, நீங்கள் மூத்தவர், சொல்லக்கூடாது. ஆனாலும் சொல்கிறேன். இதிலெல்லாம் விளையாடாதீர்கள். வாயிருக்கிறது என்று உறவைத் தூக்கிக் கொடுத்துவிடுவதா? அதுவும் உப்புப் போட்டுச் சாப்பாடு வைத்துவிட்டுக் கொடுத்த உறவு, ஒட்டிக்கொள்ளும். படித்ததும் எனக்கு உடம்பு ஒருமாதிரி ஆகிவிட்டது. மசக்கைதான், வேறொன்றுமில்லை. அந்தப் பல்லில்லாத பையனுக்கும் ஒரு ஜோடி கையுறை பின்னுகிறேன் என்று சொல்லுங்கள்.

குழந்தை ஆண் என்றால் என் மாமனார் பெயர்தான், நாமென். ஹார்க் இப்போதே முடிவு செய்துவிட்டார்.

உங்கள் இங்கென்


லிஸ்ட்
15 நவம்பர் 1916

அன்புள்ள இங்கென்,

உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன வண்டி உச்சிவேளைக்குத் திரும்பவில்லை. பத்து மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. கரையில் தீ மூட்டினார்கள், வழி தெரிய மணி அடித்தார்கள். எங்கோ மேற்கே என்ஜின் சத்தம் கேட்டதாகச் சிலர் சொன்னார்கள். எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் ஒரு புறா மட்டும் வந்தது. காலில் குழல் இருந்தது. உள்ளே சீட்டு இல்லை.

தோணி இருக்கிற வண்டி, இங்கென். கடலில் இறங்கினாலும் மிதக்கும். படகுகள் தேடிக்கொண்டிருக்கின்றன. உன் உடம்பைப் பார்த்துக்கொள். உன் மப்ளர் அவன் கழுத்தில்தான் இருந்தது.

மொய்கென்


நீப்லும்
24 நவம்பர் 1916

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு இருக்கிறது. உங்களுக்கும் அப்படியே இருக்கும்.

கடற்படையிலிருந்து மூன்று வரி வந்தது. "காணவில்லை" என்று. நான் அழவில்லை. காணவில்லை என்பதற்கு அழ எனக்குத் தெரியவில்லை.

என்னிடம் அவர் வரமாட்டார். அவருடைய கூடப்பிறந்தவளிடமும் வரமாட்டார். மூன்றுவிட்ட உறவில் அவருக்கு மிச்சம் நீங்கள் ஒருவர்தான். இரண்டு தலைமுறையாக நம் ஆட்களை எல்லாம் கடல் தின்றுவிட்டது. ஆகவே பாதிரியாரை நம்பவில்லை, கடற்படையை நம்பவில்லை. உங்கள் தரையைத்தான் நம்புகிறேன்.

அக்கா, உங்கள் வீட்டுத் தரை காய்ந்திருக்கிறதா?

இங்கென்


லிஸ்ட்
18 டிசம்பர் 1916

அன்புள்ள இங்கென்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கொட்டகையில் வேலை அதிகம். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முட்டை கிடைத்தால் நீ சாப்பிடு, விற்காதே. இங்கே மூன்று வேளையும் மாட்டுக்குப் போடுகிற மஞ்சள் கிழங்குதான். மாடு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது.

தரை காய்ந்திருக்கிறது.

இங்கே வேறு விசேஷமில்லை. பூனை வீட்டுக்குள் வருவதை நிறுத்திவிட்டது. கொட்டகையில் எலி அதிகம், அதனால் இருக்கும். மதியச் சாப்பாட்டை நான் இப்போதெல்லாம் கொட்டகையிலேயே முடித்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில். பகலிலும் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன். போர்க்காலம், கண்டவர்களும் நடமாடுகிறார்கள். வைக்கோல் கால்மிதியைக் கூட வெளியே போட்டுவிட்டேன். எத்தனை முறை கொடியில் உலர்த்தினாலும் ஊறிப்போய்விடுகிறது. காற்றடித்தால் அது வாசலில் சரக் சரக் என்று ஒரு சத்தம் போடுகிறது. கடல் ஈரம்தான், வேறென்ன.

அந்த மப்ளரில் தலைகீழாக இருந்தது ஒரு நங்கூரம் மட்டும்தானே? சும்மா கேட்டேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். வயிற்றில் இருப்பதற்கும்.

மொய்கென்


நீப்லும்
5 ஜனவரி 1917

அன்புள்ள அக்காவுக்கு,

கால் வீங்கியிருக்கிறது. மற்றபடி சுகம். புது வருஷம் உங்களுக்காவது நன்றாக விடியட்டும்.

தரை காய்ந்திருக்கிறது என்ற அந்த ஒரு வரியை மடித்துச் சட்டைக்குள் வைத்திருக்கிறேன். ஆனால் மப்ளரைப் பற்றி ஏன் கேட்டீர்கள்? உங்கள் கையால்தானே கொடுத்தீர்கள்? உடனே எழுதுங்கள். கடல் உறைகிறது. படகு நின்றுவிடும் என்கிறார்கள்.

இங்கென்


நீப்லும்
20 பிப்ரவரி 1917

அன்புள்ள அக்காவுக்கு,

பனிமேல் இழுத்துப்போகிற படகில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கடிதம் வரவில்லை. வந்து எங்கேயாவது பனியில் கிடக்கிறதா, நீங்கள் எழுதவே இல்லையா, தெரியவில்லை.

பிள்ளை பிறந்துவிட்டான். பதினோராம் தேதி. நல்ல எடை, நல்ல தொண்டை. நான் எழுந்து நடக்கிறேன்.

இப்போது பெயர் வைக்கவேண்டும். பாதிரியார் வந்து உட்கார்ந்துவிட்டார். "இங்கென், முறை தெரியும்ல உனக்கு. அப்பன் உசுரோட இருந்தா தாத்தா பேரு. அப்பன் போயிட்டா அப்பன் பேருதான். ஹார்க்னு வெச்சிடுவோம்மா. எத்தனை நாளைக்குத்தான் இப்படி உக்காந்திருப்ப?" என்றார்.

"இன்னும் யாரும் எனக்குச் சொல்லலையே, ஃபாதர்."

"கடற்படை சொல்லிடுச்சே."

"கடற்படைக்கு அவரு மூணுவிட்ட உறவா?" என்றேன். மனுஷன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் பெயரை இவனுக்கு வைத்தால் அவரை நானே என் கையால் தண்ணீரில் அமுக்கியதுபோல ஆகிவிடும். ஆனால் அவர் நிஜமாகவே போய், நான் தாத்தா பெயரை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி கிழவியானால்? அப்படி மூன்று பேர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நான் நான்காவதாக ஆகமாட்டேன்.

மார்ச் பத்தாம் தேதி ஞானஸ்நானம். ஒரே ஒரு சொல் எழுதுங்கள். ஈரமா, காய்ந்திருக்கிறதா? நீங்கள் சொல்வதுதான் என் பிள்ளையின் பெயர்.

இங்கென்


லிஸ்ட்
2 மார்ச் 1917

அன்புள்ள இங்கென்,

தாயும் பிள்ளையும் நீடூழி வாழ்க.

காய்ந்திருக்கிறது. நாமென் என்று வை.

மொய்கென்


நீப்லும்
25 மார்ச் 1917

அக்கா, அக்கா, அக்கா,

சுகம் விசாரிக்கக்கூடக் கை நிற்கவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார்!

உங்கள் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும், ஆனால் சர்க்கரைதான் கிடையாது. நாமென் என்று பெயர் வைத்துப் பதிமூன்றாம் நாள் கடிதம் வந்தது. வடக்கே எங்கோ இருக்கிற ஃபாரோ தீவிலிருந்து. அவர் கையெழுத்து இல்லை. விரல்கள் போய்விட்டன, ஒரு டேனிஷ்காரர் எழுதிக்கொடுத்திருக்கிறார். அதை அப்படியே எழுதுகிறேன்.

"இங்கென், பயப்படாதே. மூட்டத்தில் என்ஜின் நின்றது. கடலில் இறங்கினோம். இறங்கிய அடியில் இடது தோணி பிளந்து தண்ணீர் ஏற ஆரம்பித்தது. வண்டி சாய்ந்தது. யாராவது ஒருவர் வலது இறக்கையின் நுனிக்குப் போய் உட்கார்ந்தால்தான் நிமிர்ந்து நிற்கும். மாறி மாறி உட்கார்ந்தோம். புறாவுக்குச் சீட்டுக் கட்டப் போனேன், கை மரத்துப்போய் அது நழுவிப் பறந்துவிட்டது. இரண்டாம் நாள் எனக்குக் காய்ச்சல் கண்டது. ஆல்வின் என்னை இருக்கையில் கட்டிப்போட்டுவிட்டு என் முறைக்கும் தானே போய் உட்கார்ந்தான். குளிரில் நடுங்கினான். உன் மப்ளரை அவன் கழுத்தில் நான்தான் சுற்றிவிட்டேன். தூங்காமல் இருக்க ஏதோ பேசிக்கொண்டே இருந்தான். விடிந்து பார்த்தபோது இறக்கை நுனியில் யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஃபாரோவுக்குப் போகிற பாய்மரக் கப்பல் என்னைப் பார்த்தது. குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்திருக்கிறேன்."

இதுதான் கடிதம். பாவம் அந்தப் பையன். அவனுக்குப் பின்னிய கையுறை இங்கே என் முன்னால் கிடக்கிறது. அவனுக்காக அழுதேன். ஆனால் அக்கா, உண்மையைச் சொன்னால், சந்தோஷத்துக்கு நடுவில்தான் அழுதேன்.

உங்கள் ஒரு சொல் என்னைக் காப்பாற்றியது.

உங்கள் இங்கென்


லிஸ்ட்
9 ஏப்ரல் 1917

அன்புள்ள இங்கென்,

ஹார்க் இருக்கிறான் என்று படித்தபோது சந்தோஷப்படத்தான் நினைத்தேன். முடியவில்லை. உன் கடிதம் வந்தது சனிக்கிழமை. படித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் தரை காய்ந்திருக்கவில்லை, இங்கென். நவம்பரிலிருந்து ஒரு நாளும் காய்ந்திருக்கவில்லை. உனக்கு எழுதியதெல்லாம் பொய்.

புறா வந்த அடுத்த நாள் உச்சிவேளையில் கதவு திறந்தது. வார்னிஷ் வாடை அடித்தது. தோல் கோட்டு, தலையோடு ஒட்டிய தொப்பி, கண்ணாடி. எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் ஒழுகியது. முகத்தைப் பார்க்கக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள் அல்லவா, நான் பார்க்கவில்லை. கழுத்தை மட்டும் பார்த்தேன். நீல மப்ளர், தலைகீழ் நங்கூரம். வேறு என்ன சாட்சி வேண்டும்? நீயோ ஆறுமாதக்காரி. சொன்னால் பிள்ளை தங்குமா? பிரசவம் ஆகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். பிள்ளை பிறந்த பிறகு பெயரைக் கேட்டாய். அப்போதும் என்னால் முடியவில்லை. ஈரம் என்று எழுதிக் கிழித்தேன். காய்ந்திருக்கிறது என்று எழுதி அனுப்பினேன்.

சேதி சொல்லி மணியடிக்காதவரை விடமாட்டார்கள். அவன் விடவில்லை. தினமும் உச்சிவேளை. தாங்கமுடியாமல் டிசம்பரில் தாழ்ப்பாள் போட்டேன். ஹார்க்கை, என் தம்பியை, வெளியே நிறுத்துகிறோமே என்று அழுதுகொண்டேதான் போட்டேன். அவன் கதவைத் தட்டவில்லை. நான் வீட்டில் இருக்கிற ஞாயிறுகளில் வாசலில் அந்தச் சரக் சரக் சத்தம் மட்டும் கேட்கும். காற்று என்று உனக்கு எழுதினேன். காற்றில்லாத நாளிலும் அது கேட்டது.

உன் கடிதத்தைப் படித்ததும்தான் அது என்ன சத்தம் என்று புரிந்தது. கால் துடைக்கிற சத்தம், இங்கென். ஹார்க்குக்குச் செத்தாலும் வராது என்று நீயே எழுதியிருந்தாய். நான் எத்தனை பெரிய மடச்சி! கால் துடைத்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று நான் சொன்னவன் ஒருவன்தான். அவனும் நான் சொன்னபடியே குளிர்காலம் முழுக்க என் வாசலில் நின்று துடைத்துக்கொண்டிருந்திருக்கிறான். இன்னும் சுத்தமாகவில்லை, அதனால்தான் அக்கா கதவைத் திறக்கவில்லை என்று நினைத்திருப்பானோ?

நேற்று ஈஸ்டர் ஞாயிறு. உச்சிவேளைக்குக் கிழங்கை இறக்கிவைத்துவிட்டு இரண்டு தட்டு எடுத்து வைத்தேன். சத்தம் ஆரம்பித்தது. தாழ்ப்பாளை எடுத்தேன்.

கால்மிதிமேல் நின்றிருந்தான். இந்த முறை முகத்தைப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை, தண்ணீர்தான் இருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. முன்பல் இல்லை.

"போதும்டா ஆல்வின். காலு எப்பவோ சுத்தமாயிடுச்சு. உள்ள வா" என்றேன்.

வந்தான். அடுப்புப் பக்கமாக நின்றான். நான் தட்டில் போட்டேன். "நீதான்னு எனக்குத் தெரியாமப் போச்சுடா, தம்பி. சேதி கிடைச்சிடுச்சு. மணியடிக்கச் சொல்றேன்" என்றேன். அவர்கள் பேசுவதில்லை. ஆவி பறந்துகொண்டிருந்த கிழங்கைப் பார்த்தபடி நின்றான். நான் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஆள் இல்லை. பிறகு மாலையில் பாதிரியாரிடம் போனேன்.

"வெளியூர்க்காரனுக்கு நம்ம மணியா? அவன் உனக்கு என்ன வேணும், மொய்கென்?" என்றார்.

"மூணுவிட்ட தம்பி."

"எந்த வழியில?"

"என் வாய் வழியில, ஃபாதர். இந்த வாயால குடுத்தேன். அவன் அதை நம்பி வந்துட்டான்."

அவரும் தீவுக்காரர்தானே. மேலே ஒன்றும் கேட்காமல் கயிற்றைத் தானே பிடித்து இழுத்தார்.

இன்று உச்சிவேளை வந்து போய்விட்டது. கால்மிதி காய்ந்திருக்கிறது. இது நிஜம். பூனை உள்ளே வந்து அடுப்படியில் படுத்துக்கொண்டது. எனக்குத்தான் உட்கார முடியவில்லை. நாலு தரம் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டேன்.

உன்னிடம் பொய் சொன்னதற்கு என்னை மன்னித்தாலும் சரி, திட்டினாலும் சரி. தாழ்ப்பாள் போட்டதற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

மொய்கென்


நீப்லும்
14 ஜூன் 1917

அன்புள்ள மொய்கென் அக்காவுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. கோபம்தான், மறைக்கமாட்டேன். நீங்கள் ஈரம் என்று எழுதியிருந்தால் நான் அவர் பெயரை இவனுக்கு வைத்து, கறுப்பு உடுத்தியிருப்பேன் என்பதை நினைக்கும்போது ஒரு பக்கம் உங்கள் கையைப் பிடித்து முத்தமிடத் தோன்றுகிறது. என் பேரைச் சொல்லிச் சேதியை மறைத்து அந்தப் பையனை வெளியே நிறுத்தினீர்களே என்று நினைக்கும்போது வேறுமாதிரி இருக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நாங்கள் மூவரும் சுகம்.

ஆமாம், மூவர். நுரையீரல் கெட்டவன் இனி எந்தச் சண்டைக்கும் ஆகமாட்டான் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். நேற்று உச்சிவேளையில் வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் சரக் சரக் என்று சத்தம் கேட்டது.

என் கையில் இருந்த பாத்திரம் விழுந்துவிட்டது. கதவு திறந்துதான் இருந்தது. கால்மிதிமேல் நின்று, குனிந்த தலையோடு, மெதுவாகக் கால் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் ஒருநாளும் பார்க்காத காட்சி. எனக்கு உயிர் போய்விட்டது, அக்கா. ஓடிப்போய் அவரைத் தொடவில்லை. மண்டிபோட்டுக் கால்மிதியைத்தான் தொட்டுப் பார்த்தேன். புழுதி. வெறும் புழுதி. அதற்குப் பிறகுதான் கத்தி அழுதேன்.

"எப்ப வந்தது இந்தப் பழக்கம்?" என்று கேட்டேன்.

"இறக்கையில உக்காந்திருந்தப்ப கடைசியா அவன் அதைத்தான் பேசிட்டிருந்தான். 'நீங்க வீட்டுக்குப் போனா கால் துடைச்சிட்டுப் போங்க, பொம்பளைங்க பாவம்'னான்" என்றார்.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். விரல் இல்லாத கையை அவன் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தான். அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"இங்கென், அவன் யார்கிட்ட போனான்? நெனைப்பு வந்த நாள்லேர்ந்து எனக்கு இதே யோசனை. அவனுக்குன்னு ஒருத்தரும் இல்லையே. கடலுக்குள்ளயே நின்னுட்டிருப்பானோன்னு..."

"மொய்கென் அக்காகிட்ட போனாருங்க" என்றேன்.

அவர் முகம் கோணியது. "அந்த விளையாட்டுப் பேச்சுக்கா? அதுக்கா போனான்?" என்றார். பிறகு மெதுவாக, "உள்ள விட்டாளா?" என்று கேட்டார்.

நீங்கள் எழுதியது எல்லாம் நெஞ்சில் வந்து நின்றது. தாழ்ப்பாள், டிசம்பர், ஜனவரி, அந்தப் பனி, அந்தச் சத்தம். சொல்வதா வேண்டாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"விட்டாங்க. தட்டுல சாப்பாடும் போட்டாங்க" என்றேன்.

பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அவ்வளவையும் அழுது முடித்துவிட்டு இப்போது தூங்குகிறார்.

கையுறையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் வாசல் ஆணியில் மாட்டிவையுங்கள். தாழ்ப்பாளைப் பற்றி அவருக்கு இனி யாரும் சொல்லவேண்டியதில்லை, அக்கா. அது நம் இருவரோடு இருக்கட்டும்.

உங்கள் இங்கென்